யார் கணக்கில் எழுதுவது

இலங்கை மலையகத்தில் மருத்துவமாதாக, தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கிற வேலையில் இருக்கிறவர்களிடம் வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் கையிலேயே இருக்கும். இரும்பு மாத்திரையை எப்போது விழுங்குவது, பிள்ளையை ஊசிக்கு எந்தக் கிழமை கொண்டுவருவது, காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் சோறு இறங்கவில்லை, இப்படி. மீதிப் பாதி, வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இஸ்தோப்பை விட்டு இறங்கும்போதுதான் வரும். "மிஸ், நீங்க வேதக்காரங்கதானே? எங்களுக்கு மட்டும் ஏன் இப்படின்னு சொல்லுங்களேன்."

நான் வேலை பார்க்கிற பிரிவு அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம், எங்களைப் போல மெதடிஸ்த சபைக்காரர்கள் அதைவிடக் கொஞ்சம், அப்புறம் லயக் காம்பராவிலேயே கூடி ஜெபிக்கிற பெந்தெகொஸ்தே சபைகள். கஷ்டம் என்று வந்துவிட்டால் இந்தப் பிரிவெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, என்னிடமும் ஒரு ஜெபம் கேட்பார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு நான் மதம் பேசுவதில்லை. ஆனால் கேட்கிறவளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

காரணம் சொல்வதில் எங்கள் பக்கத்தை மிஞ்ச ஆளில்லை. பதுளையில் புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டியது. அந்த மனிதர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளைக் கொன்ற பாவம்தான் மின்னலாக வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று ஒரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யானைகளுக்காக நானும் பரிதாபப்படுகிறவள்தான். ஆனால் அதே மலையில் ஒரு பாவமும் அறியாத, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளும் மின்னலில் சாகிறாள். அவளுக்கு என்ன கணக்குச் சொல்வது?

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. எத்தனையோ உடல்களை மண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அதற்கும் எங்கள் ஆட்கள் காரணம் வைத்திருந்தார்கள். கோவில் காரியத்தில் குறை என்றார்கள் சிலர். கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார்கள் எங்கள் பக்கத்தில் சிலர். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்ததே, அதை அந்த வாரத்து ஜெபங்களில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

லூக்காவின் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இதே மாதிரி ஒரு விபத்து வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போகிறார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று தாமே பதிலும் சொல்லிவிடுகிறார். அடுத்த மூச்சிலேயே மனந்திரும்புங்கள் என்கிறார். அதைச் செத்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, சேதி கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார். மீரியாபெத்தைக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு எங்கள் ஆலயத்தில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற சங்கீதம்தான் வாசித்தார்கள். மழை பெய்தால் பர்வதத்தைப் பயந்து பார்க்கிற ஊரில் அதைச் சொல்ல முதலில் நாக்கு எழவில்லை. ஒத்தாசை மலையிலிருந்து வரவில்லை, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது என்று அடுத்த வசனம் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைச் சொல்லி முடித்தேன்.

மனிதர் கை எதுவும் இல்லாமல் வருகிற கஷ்டமும் உண்டு. ஒரு தாய், எட்டு மாதம் நிறைவு. கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தவள். இரத்தம் சரி, பிரஷர் சரி, சீனி இல்லை. ஒருநாள் காலையில் பிள்ளை அசையவில்லை என்று சொன்னாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேரும் முன்பே உயிர் இல்லை. டொக்டர்கள் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. அப்படியும் நடக்கும்.

பிரசவமான தாயை வீட்டில் போய்ப் பார்ப்பது என் வேலை. பிள்ளை இல்லாத தாயையும் பார்க்க வேண்டும், அவளுக்குத்தான் இன்னும் அவசியம். நான் போனபோது அவளுக்குப் பால் கட்டியிருந்தது. வெளியில் யாரும் நினைத்துப் பார்க்காத கொடுமை இது. பிள்ளை போனது உடம்புக்குத் தெரியாது, மூன்றாம் நாள் பால் வந்துவிடும். மார்பு கல்லாகி, சட்டை நனைந்து, காய்ச்சலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முழுக்கப் பிழிந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் இன்னும் சுரக்கும். தாங்கிப் பிடிக்கிற சட்டை, குளிர்ந்த துணி, வலிக்கு மாத்திரை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே சபையிலிருந்து ஓர் அக்கா வந்தார். நல்ல மனுஷி, மழையில் ஏறி வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அழாதே தங்கச்சி. அவருக்குப் பிரியமான பூவை அவரே பறிச்சிக்கிட்டார்" என்றார். அவள் திரும்பவில்லை.

அப்புறம் கீழ் லயத்து அம்மாயி வந்தாள். வேதம் வாசிக்கத் தெரியாதவள், கத்தோலிக்கக்காரி, கழுத்தில் கறுத்துப்போன ஒரு செபமாலை. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கோவாவில் (முட்டைக்கோஸ்) இரண்டு பெரிய இலைகளை ஒடித்து, பீலித் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்திருந்தாள். தண்டை அம்மிக் குழவியால் நசுக்கி, "இத சட்டைக்குள்ள வையி ஆயி, குளிருல கொஞ்சம் சுகமாயிருக்கும்" என்று கொடுத்தாள். பிறகு பேறுகாலப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் எங்கேயோ முன்பே படித்திருந்தாள். தேத்தண்ணி வைத்தாள், நனைந்த துணிகளை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள். போகும்போது சிலுவைப் படத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ செஞ்சது கொஞ்சங்கூட நல்லா இல்ல சாமி" என்றாள். சண்டைக்காரி குரலில் சொல்லவில்லை. வீட்டு ஆளிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அந்தத் தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வேதத்தில் பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்களை நாம் ஒரேயடியாகத் திட்டிவிட்டோம் என்று எனக்குப் படும். துக்கம் பெரிது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் ஒரு மணி நேரம் அப்படி இருப்போம்? வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. அக்கா சொன்ன வசனமும் யோபுவின் வசனம்தான். ஆனால் அதை யோபு தன் பிள்ளைகளைப் பற்றித் தானே சொன்னான். வீட்டுக்கு வந்த விருந்தாளி அவனிடம் சொல்லவில்லை. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான், அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறான். கடைசியில் கடவுள் நண்பர்கள்மேல் கோபப்பட்டு, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வழக்காடியவன் பக்கம்தான் தீர்ப்பு. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எங்கள் ஆலயத்தில் பிரசங்கத்துக்கு எடுத்ததே இல்லை. ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது அது. வேலை முடிந்து வந்த இரவுகளில் எனக்கு உதவியது அந்தச் சங்கீதம்தான். முறையிடுகிறவன் இன்னும் கடவுளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். நம்பிக்கை போய்விட்டால் பேச்சும் நின்றுவிடும் அல்லவா?

இனி என்னைக் கோபப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். காரணம் தெரியாத கஷ்டத்துக்கு இத்தனை காரணம் சொல்கிற நாங்கள், காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிற கஷ்டத்தைத் தேவசித்தம் என்று தள்ளிவிடுகிறோம். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தச் சோகை. என் புத்தகத்தில் அப்படிக் குறித்த பெயர்கள் நிறைய. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, சத்து உடம்பில் சேராது என்று தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன். கேட்டுக்கொள்வார்கள். ஆனால் விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணியும்தான் சாப்பாடு என்றால் மாத்திரை எந்த அளவுக்குத் தாங்கும்? தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். நான் ஏசுவதில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். பல தோட்டங்களில் கூடவே பறிக்க வேண்டிய கிலோவும் ஏறியது. அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து கொழுந்து குறைந்தது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வயிற்றில் பிள்ளையோடு மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு எப்படி நிறையும்? 2022இல் கோதுமை மா விலை ஏறியதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் ஒரு ஜெபக்கூட்டத்தில், திராணிக்கு மேலாக ஆண்டவர் சோதிக்கமாட்டார் என்று ஒரு சகோதரர் அழகாகப் பேசினார். அப்போஸ்தலன் பவுல் அதை விக்கிரகத்தையும் இச்சையையும் பற்றிச் சொல்லிவரும் இடத்தில் எழுதுகிறார். அரைப்பேர் போடுகிறவர் ஆண்டவர் இல்லை. கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, பேர் பதிகிற செக்ரோலில் எழுதுகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, எழுதச் சொன்னவருக்கும் இருக்கிறது. அந்தப் பேரைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய கணக்கில் எழுதுவதை நான் பக்தி என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இது எங்கள் சபைகளில் நேற்று வந்த பழக்கம் இல்லை. மலையகத்துத் தமிழ்த் தொழிலாளரிடம் சுவிசேஷம் சொல்ல 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோதே, தோட்டத் துரைமாரின் ஆதரவு அதற்கு இருந்தது. பள்ளிக்கூடமும் மருந்தும் அந்த வழியாகவும் வந்தன, நன்றி இல்லாமல் பேசக் கூடாது. என் தாத்தா எழுத்துப் படித்ததே மிஷன் பள்ளியில்தான். ஆனால் துரையின் தயவில் நிற்கிற பிரசங்கத்தில் பொறுமை அதிகமாகவும் நியாயம் குறைவாகவும் இருப்பது இயல்பு. வேறு மாதிரி நடந்தவர்களும் இருந்தார்கள். இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காக ஆயுள் முழுக்கப் பேசினார். மலையக மக்கள் வந்த இருநூறாவது ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களோடு சபைக்காரர்களும் நடந்தார்கள். அதுவும் ஒரு ஜெபம்தான் என்று எனக்குத் தோன்றியது.

போன அறுப்பின் பண்டிகைக்கு முன்னால், பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் எடுக்கும்படி போதகர் என்னிடம் சொன்னார். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்று வரும் இடம். பொறுமையாயிருங்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் வழக்கமாக அதிலிருந்துதான் தொடங்குவோம். இந்த முறை மேலேயிருந்து வாசித்தோம். வாசித்து முடித்ததும் கொழுந்து பறிக்கிற ஒரு பெண், "மிஸ், இது எங்க தோட்டத்தப் பத்தியா எழுதியிருக்கு?" என்றாள். சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினோம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நாளில் முழுப்பேர் போட வேண்டும், ஏழாம் மாதத்துக்கு மேல் செங்குத்தான மலைக்கு அனுப்பக் கூடாது. இரண்டே விஷயம். சபை மூப்பர் ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, "மகள், ஆலயத்துக்குள்ள அரசியல் வேண்டாம்" என்றார்.

"வசனம் உங்க வேதத்திலயும் இருக்குதுங்க ஐயா" என்றேன்.

"இருக்கு. எனக்கும் தெரியும். என் மகன் தோட்டத்துக் கந்தோர்ல வேலை செய்றான், அதுவும் உனக்குத் தெரியும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போதகர் போட்டார், பெண்கள் போட்டார்கள், கீழ் லயத்து அம்மாயி எங்கள் சபை இல்லாவிட்டாலும் பெருவிரலை மையில் அழுத்திக் கொடுத்தாள். தலைமைக் காரியாலயத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று தோட்டத்திலிருந்து வாய்வார்த்தையாக வந்தது. எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. கிளினிக் நாளில் அரைப்பேர் விழுந்தவர்கள் திகதியோடு என்னிடம் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த கடிதத்துக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.