புகையிலை கொடுத்துக் கேட்கும் சட்டம்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், மனிடோபா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கெனோராவில் ஒரு சட்ட அலுவலகத்தில் ஆய்வு உதவியாளராக வேலை செய்கிறேன். சுற்றிலும், இங்கத்திய பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் 1873-இல் அரசோடு கையெழுத்திட்ட மூன்றாம் ஒப்பந்தத்தின் நிலம், அவர்களின் ஊர்கள். குழந்தைப் பராமரிப்பு, நிலம், தண்ணீர் பற்றிய தங்கள் சட்டங்களை எழுத்தில் கொண்டுவர விரும்பும் சமூகங்களுக்கு வரைவு எழுத உதவுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்தச் சட்டங்கள் புதிதாக இயற்றப்படுபவை அல்ல. பெரியவர்களின் நினைவிலும் பேச்சிலும் ஏற்கெனவே இருப்பவை. வயதான எல்லோரும் அங்கே பெரியவர் ஆகிவிடுவதில்லை; ஊர் அப்படி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியவரிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. புகையிலையைக் கையில் கொடுத்து, என்ன தெரிந்துகொள்ள வந்தோம் என்று சொல்ல வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றுவிட்டார். கேட்டவருக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது: அவசரப்படுத்தக் கூடாது, சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் பிய்த்து எடுத்துப் போகக் கூடாது. பேச்சு பெரும்பாலும், இதை என் பாட்டி சொன்னார், அவர் தன் மாமாவிடம் கேட்டார், ஏரிக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி சொல்வார்கள் என்றுதான் தொடங்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் போக வேண்டும் என்று கைகாட்டுவார்கள். முன்தீர்ப்புகளை அடுக்கும் வழக்கறிஞர்களோடு தினமும் இருப்பவன் நான். கேட்ட இடத்தை இத்தனை கவனமாகச் சொல்பவர்களை அவர்களிடையே அதிகம் பார்த்ததில்லை.

விதி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் கதைதான் வரும். பல கதைகளைத் தரையில் பனி இருக்கும்போது மட்டுமே சொல்வார்கள். மான்களின் கதை அச்சில் வந்து, சட்டக் கல்லூரி வகுப்புகளிலும் பேசப்படுவதால் இங்கே சொல்கிறேன். ஒரு காலத்தில் மான்களும், மூஸ் என்ற பெரிய மான்களும் காணாமல் போகின்றன. தேடிப் போனவர்கள், அவை காகங்களிடம் இருப்பதைக் கண்டு போர் தொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சாவு விழுகிறது, மான்களோ பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மீட்க வந்தவர்களுக்கு ஏன் உதவவில்லை என்று கேட்டால், நாங்கள் விரும்பித்தான் இங்கே இருக்கிறோம் என்கின்றன. நீங்கள் எங்கள் இறைச்சியை வீணாக்கினீர்கள், எலும்புகளை அவமதித்தீர்கள், காகங்கள் எங்களை நன்றாக நடத்துகின்றன என்கின்றன. பிறகு உடன்பாடு ஏற்படுகிறது: இறைச்சியை வீணாக்குவதில்லை, எலும்புகளுக்கு மரியாதை, வாழிடத்துக்குப் பாதுகாப்பு.

சொல்லிவிட்டுப் பெரியவர் நிறுத்திவிடுவார். மரம் வெட்ட வரும் கம்பெனியோடு பேசும்போது இது எப்படிப் பொருந்தும் என்பதைக் கேட்டவர்கள்தான் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். யாருடைய சம்மதம் தேவை, கடமையை யார் மீறினார்கள், உறவைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று பேச்சு மதியத்தைத் தாண்டி நீளும். சட்டம் பற்றி நான் கேட்ட நல்ல விவாதங்களில் சில அந்தச் சமூகக் கூடங்களில் நடந்தவை.

எழுதுவதை இவர்கள் எதிர்ப்பதில்லை. மூன்றாம் ஒப்பந்தப் பகுதியின் 'மனிடோ அகி இனகோனிகாவின்' என்ற பெரும் நிலச் சட்டம் 1997-இல் எழுத்துக்கு வந்தது. ஆனால் பெரியவர்கள் அதைச் சடங்கில் வைத்து ஒப்புதல் கேட்டார்கள். தலைவர்கள் ஓட்டுப் போட்டால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை.

இதையெல்லாம் பண்பாடு என்ற தலைப்பில் ஒதுக்குபவர்களிடம் ஹியூரன் ஏரிப் பக்கத்து அனிஷினாபே மக்களோடு அரசு செய்துகொண்ட 1850-இன் ராபின்சன் ஹியூரன் ஒப்பந்தம் பற்றிய வழக்கைத்தான் சொல்வேன். நிலத்தின் வருமானம் கூடினால் அவர்களுக்கு அரசு தரும் ஆண்டுத் தொகையும் கூடும் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. ஆனால் 1875-இல் ஆளுக்கு 4 டாலர் ஆன தொகை அப்படியே நின்றுவிட்டது. நீதிபதி பட்ரிசியா ஹென்னசி பெரியவர்களின் சாட்சியத்தைக் கேட்டார், சடங்குகளில் கலந்துகொண்டார். பரஸ்பரக் கடமையும் உறவைப் புதுப்பிப்பதும் பற்றிய அனிஷினாபே பார்வையையும் கணக்கில் எடுத்து ஒப்பந்தத்தைப் படித்தார். தொகையை உயர்த்தும் கடமை அரசுக்கு உண்டு என்ற அவருடைய தீர்ப்பு 2018-இல் வந்தது. 2023-இல் 1,000 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அரசு ஒப்பந்தத்தை மானமில்லாமல் மீறியது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் கூட்டங்களில் ஒரு வழக்கம் தொடர்வது எனக்குக் கோபம் தருகிறது. தொடக்கப் பிரார்த்தனைக்குப் பெரியவரை அழைப்பார்கள், நன்றி சொல்லிப் பரிசு கொடுப்பார்கள், அப்புறம் அவரைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு முடிவுகளை எடுப்பார்கள். இந்தப் பெரியவர்கள், தங்கள் சடங்குகள் பலவற்றைக் கனடாவின் சட்டம் 1951 வரை குற்றமாக வைத்திருந்தபோதும், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டபோதும் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றிய தலைமுறையின் பிள்ளைகள். பலர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்கள் இருக்கும் அறையில் அவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பது அந்தச் சட்டத்தையே மீறுவது என்று நினைக்கிறேன்.

எங்கள் வரைவுப் பணியில் பெரியவர்களுக்கு இப்போது கடைசி அமர்வு தனியாக உண்டு. அதில் நேரக் கட்டுப்பாடு இல்லை. கதை வழியாகக் கேட்க வேண்டிய விஷயங்களைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கிறோம். அவற்றைக் கோப்பில் எழுதுவதில்லை. எந்த ஊரில், எந்தக் குடும்பத்தாரிடம் புகையிலையோடு போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துவைக்கிறோம்.