13 ஜெர்சி போட்ட இஷ் ஸ்மித்

இஷ் ஸ்மித் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் முதலில் வருவது அந்த 13 தான். என்பிஏ (அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்) வரலாற்றிலேயே அதிக அணிகளுக்கு ஆடியவர், 13 அணிகள், உடனே ஒரு சிரிப்பு. மொத்தம் இருப்பதே 30 அணிகள், அதில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆடியிருக்கிறார் என்றால் எங்கேயுமே ஒட்டாத ஆள் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. அவர் அணி மாறிய ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஆட்டம் சரியில்லை என்று அனுப்பப்பட்டது கொஞ்சம்தான், மீதி எல்லாம் யாரோ ஒரு மேனேஜரின் கணக்கு நோட்டு சமாச்சாரம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஸ்மித் 1988-ல் வட கரோலினாவின் சார்லட்டில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு பக்கத்தில் கான்கார்டில், அப்புறம் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் முழுதாக நான்கு வருடம். உயரம் ஆறு அடி, என்பிஏவில் அது குள்ளம். கல்லூரியில் 600-க்கும் மேல் அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அவருக்கு மேலே இருந்தது மக்ஸி போக்ஸ் மட்டும்தான், அந்த 5 அடி 3 அங்குல அதிசய மனிதர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது ஸ்மித்தை மறிக்க ஆளில்லை. ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் விழாது, அவ்வளவுதான் அவர் குறை, அந்த ஒரு குறைதான் கடைசிவரை அவரைத் துரத்தியது.

டிராஃப்ட் என்பது அணிகள் வருடா வருடம் வரிசை முறையில் இரண்டு சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் ஏற்பாடு. 2010 டிராஃப்டில் 60 பேரை எடுத்தார்கள். முதல் ஆள் ஜான் வால், 60-வது ஆள் ட்வெய்ன் காலின்ஸ் என்ற முன்கள வீரர். ஸ்மித் பெயர் வரவே இல்லை. காலின்ஸ் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் ரசிகர்களுக்கு சத்னாம் சிங் ஞாபகம் இருக்கும், 2015-ல் டல்லஸ் 52-வதாக எடுத்தபோது இந்தியாவே கொண்டாடியது, ஆனால் அவருக்கும் என்பிஏவில் ஒரு நிமிடம்கூட அமையவில்லை. ஆக, கடைசி வரிசையில் பெயர் வாசிக்கப்படுவது பெரிய பாதுகாப்பு ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால் ஐம்பதுக்கு மேல் எடுக்கப்பட்டவன் எடுத்த அணியோடு கட்டுப்பட்டுவிடுகிறான், எடுக்கப்படாதவனோ எந்த அணியில் தன் இடத்துக்கு ஆள் குறைவு என்று பார்த்து அங்கே போய் கதவைத் தட்டலாம். ஸ்மித் தட்டியது ஹூஸ்டன் கதவை. ட்ரெயினிங் கேம்பில் தாக்குப்பிடித்து அணியில் இடம் பிடித்தார், சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே ஆரன் புரூக்ஸ் கணுக்காலில் அடிபட, களத்தில் இறங்கவும் வாய்ப்பு வந்தது.

அடுத்தவன் காலில் அடிபட்டால்தான் தனக்குச் சோறு என்பது எவ்வளவு சங்கடமான பிழைப்பு! ஆனால் ரிசர்வ் பாயிண்ட் கார்டின் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவருக்கு மாற்று ஆள்) வேலை அதுதான், ஸ்மித்தின் வரலாறு முழுக்க அது திரும்பத் திரும்ப வருகிறது.

2011 பிப்ரவரியில் முதல் ட்ரேட், அதாவது அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம். ஹூஸ்டன் ஷேன் பேட்டியரையும் ஸ்மித்தையும் மெம்பிஸுக்கு அனுப்பி, பதிலுக்கு ஹஷீம் தபீத், டெமார் கேரல், ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை வாங்கியது. மெம்பிஸ் கேட்டது பேட்டியரை. தபீத் யார் என்றால் 2009 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர், பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான ஜேம்ஸ் ஹார்டனுக்கும் ஸ்டெஃப் கரிக்கும் முன்னால்! டிராஃப்டே ஆகாத ஸ்மித் அவரை விட நீண்ட நாள் இந்த லீகில் இருப்பார் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் ட்ரேட் செய்யும்போது இந்தப் பக்கம் போகிற சம்பளமும் அந்தப் பக்கம் வருகிற சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அது போக ஒரு அணியில் வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரை எங்காவது தள்ளியாக வேண்டும். சம்பளம் குறைவான, எங்கே போட்டாலும் தொல்லை தராத வீரர்கள் இந்த இடத்தில்தான் பயன்படுகிறார்கள், மளிகைக் கடையில் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுப்பார்களே, அந்த மிட்டாய் மாதிரி. ஸ்மித் பல தடவை அந்த மிட்டாய்.

2011 டிசம்பரில் மெம்பிஸ் விட்டது, கோல்டன் ஸ்டேட் எடுத்தது. தமாஷ் என்னவென்றால், அதே கோல்டன் ஸ்டேட் சில நாட்கள் முன்னால்தான் ஜெரமி லின்னை வெளியே அனுப்பியிருந்தது, லின்னும் அதே 2010-ல் டிராஃப்ட் ஆகாமல் வந்தவர். லின் நியூயார்க் போய் 2012 பிப்ரவரியில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஸ்மித்துக்கு அப்படி ஒரு மாதம் வாய்க்கவே இல்லை, சில ஆட்டங்களோடு அவரையும் விட்டுவிட்டார்கள், ஆர்லாண்டோ கூப்பிட்டது. 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோ ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்கு அனுப்பியபோது கூடவே ஸ்மித்தும் போனார். அந்த ஆகஸ்டில் மில்வாக்கிக்கு கேரன் பட்லர் வேண்டும் (பட்லர் பக்கத்து ரசீன் ஊர்க்காரர்), அதற்காக ஸ்மித்தும் உக்ரைன்காரர் கிராவ்ட்சோவும் ஃபீனிக்ஸுக்கு. மூன்று வருடத்தில் ஆறு அணி. இதில் எத்தனையில் அவர் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸில் நன்றாகவே போனது. லீகின் மோசமான அணிகளில் ஒன்றாக இருக்கும் என்று எல்லோரும் கணித்த அந்த 2013-14 அணி 48 ஆட்டம் ஜெயித்து, அப்படியும் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுகள்) போகாமல் நின்றது, மேற்குப் பிரிவு அவ்வளவு கடினம். எரிக் பிளெட்சோ முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தபோது முதன்மை கார்டு டிராகிச்சுக்கு மாற்றாக ஸ்மித் ஆடினார். 2014 கோடையில் அங்கும் விட்டார்கள். நவம்பரில் ஓக்லஹோமா சிட்டி, காரணம் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கை உடைந்து, கூடவே பாதி அணி காயத்தில் கிடந்தது. 2015 பிப்ரவரியில் ட்ரேட் கெடு நாளன்று ஓக்லஹோமா ரெஜி ஜாக்சனை டெட்ராய்ட்டுக்கு அனுப்பி நிறைய பேரை வாங்கிக்கொண்டதில் இடம் போதவில்லை, அன்றே ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸுக்குத் தள்ளினார்கள், அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஆட வைக்காமல் விட்டுவிட, பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. ரெஜி ஜாக்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

பிலடெல்பியாதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாம் ஹிங்கி என்ற மேனேஜர் வேண்டுமென்றே தோற்று நல்ல டிராஃப்ட் இடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது (மோசமாகத் தோற்கும் அணிக்குத்தான் முன்னால் எடுக்கும் வாய்ப்பு அதிகம்). பயிற்சியாளர் பிரெட் பிரவுனுக்கு ஸ்மித்தை ரொம்பப் பிடித்துப்போனது, சின்னப் பையன்கள் நிறைந்த அணியில் பந்தை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவன் கிடைத்தான். ஆனால் 2015 கோடையில் அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஸ்மித் வாஷிங்டன் கேம்புக்குப் போனார், அக்டோபரில் அங்கேயும் கழற்றிவிட்டார்கள், நியூ ஆர்லியன்ஸில் வரிசையாக கார்டுகள் காயம்பட்டிருந்ததால் அங்கே சேர்ந்தார்.

இதற்குள் பிலடெல்பியா நிலைமை கேவலமாகிவிட்டது. ஒரு வெற்றி, 30 தோல்வி. பாயிண்ட் கார்டு என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாமல், ஜலீல் ஒகாஃபர், நெர்லென்ஸ் நோயல் என்று முதல் ஆறு இடங்களுக்குள் எடுத்த பெரிய ஆட்களுக்குப் பந்து சரியாக வரவே இல்லை. லீக் பக்கமிருந்து நெருக்குதல் வந்து ஜெரி கொலாஞ்சலோ என்ற மூத்த நிர்வாகி ஹிங்கிக்கு மேலே உட்கார்ந்தார். 2015 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்து ஸ்மித்தைத் திரும்ப வாங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், சில மாதம் முன்னால் காசே செலவில்லாமல் வைத்துக்கொண்டிருக்கக்கூடிய ஆளை விலை கொடுத்து! ஒரு இடம்கூடப் பெறாமல் வந்தவனுக்கு அன்றைக்கு விலை இரண்டு டிராஃப்ட் இடம். அவர் வந்த பிறகு 26-ஆம் தேதி ஃபீனிக்ஸில் அந்த சீசனின் இரண்டாவது வெற்றி. மாயமெல்லாம் நடக்கவில்லை, சீசன் முடிவில் 10 வெற்றி 72 தோல்விதான். ஆனால் ஸ்மித் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 14 புள்ளிக்கு மேல், ஏழு அசிஸ்ட். பார்க்கக்கூடிய கூடைப்பந்தாக அதை மாற்றினார், அது போதாதா?

நேரமும் கைகொடுத்தது. புது டிவி ஒப்பந்தப் பணம் வந்து 2016 கோடையில் சம்பள வரம்பு ஒரே தாவலில் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்குப் போனது, எல்லா அணியும் பையில் பணத்தோடு அலைந்தன. லேக்கர்ஸ் டிமோஃபே மோஸ்காவுக்கு நான்கு வருடத்துக்கு 64 மில்லியன் கொடுத்த பைத்தியக்காரக் கோடை. அதில் டெட்ராய்ட் ஸ்மித்துக்கு மூன்று வருடத்துக்கு 18 மில்லியன் கொடுத்தது, என் கணக்கில் அந்தக் கோடையின் நியாயமான ஒப்பந்தங்களில் ஒன்று. யாருக்குப் பின்னால்? அதே ரெஜி ஜாக்சன். ஜாக்சனுக்கு முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி அடிபட, ஸ்மித் நிறையவே தொடக்க ஐவரில் ஆடினார். மூன்று வருடமும் ஏறக்குறைய ஒரே அணியில். அவர் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

மூன்று புள்ளி எறிய வராத கார்டு இந்தக் காலத்தில் எப்படித் தப்பித்தார் என்று கேட்பார்கள். கோல்டன் ஸ்டேட் 2015-ல் பட்டம் ஜெயித்த பிறகு எல்லோரும் வெளியிலிருந்து எறிய ஆரம்பித்துவிட்டார்கள், தடுப்பவர்கள் ஸ்மித்தை எறியட்டும் என்று தள்ளி நின்றார்கள். ஆனால் அவர் எதிராளி மூச்சு வாங்கும் நேரத்தில் பந்தை அந்த முனைக்குக் கொண்டுபோய்விடுவார், கூடைக்கு அடியில் போய் வழியில்லாவிட்டால் பந்தைத் தட்டிக்கொண்டே மறுபக்கம் வெளியே வந்து நடுத்தூரத்தில் நின்று எறிவார், புள்ளிவிவரக்காரர்கள் மோசம் என்று சொல்லும் அதே எறிதல். இன்னொன்று, புது அணிக்கு வந்த அன்றே அவர்களுடைய ஆட்ட அமைப்புகளின் பெயர்களைப் படித்து மற்ற நால்வரையும் நிறுத்தி வைக்க வேண்டியது பாயிண்ட் கார்டுதான். ஓரத்தில் நின்று எறிபவனுக்கு அந்தச் சுமை கிடையாது. 13 இடத்தில் அதைச் செய்தவன் மண்டையில் என்னென்ன இருக்கும்!

2019-ல் வாஷிங்டன், இரண்டு வருடம், 12 மில்லியன். அங்கே ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம் ஜான் வால் குதிகால் நாண் அறுந்து சீசன் முழுக்க வெளியே இருந்தது, ஆமாம், 2010-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட அதே வால். 2021-ல் சொந்த ஊர் சார்லட், ஆனால் சீசன் முடிவதற்குள் மான்ட்ரெஸ் ஹாரலுக்காக மறுபடி வாஷிங்டனுக்கு மிட்டாய். 2022 கோடையில் டென்வர் கேட்டது கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை, ஸ்மித் கூடவே போனார். டென்வர் அவருடைய 13-வது அணி, சாதனை. அதுவரை 12 அணிகளோடு அதைப் பகிர்ந்துகொண்டிருந்த நால்வரில் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டின் முதல் ஆள், ஜிம் ஜாக்சன் 1992-ல் நான்காவது ஆள். அவர்களைப் பார்த்து யாரும் ஒட்டாதவர்கள் என்று சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

டென்வரில் அவருக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், முக்கியமான ஆட்டங்களில் பெஞ்ச். பிப்ரவரியில் இன்னொரு கார்டையும் சேர்த்தார்கள், யார் தெரியுமா, ரெஜி ஜாக்சன். ஓக்லஹோமா, டெட்ராய்ட், டென்வர், மூன்று ஊரில் ஒன்றாக. 2023 ஜூன் மாதம் இறுதித் தொடரில் டென்வர் மயாமியை 4-1 என்று வென்றபோது, நமக்கு அது காலை நேரம், நான் கேமராவில் ஸ்மித்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் யுடோனிஸ் ஹாஸ்லம், அவரும் டிராஃப்ட் ஆகாதவர், பிரான்ஸுக்குப் போய் ஒரு வருடம் ஆடிவிட்டு 2003-ல் மயாமி வந்து, 20 சீசன், ஒரே ஜெர்சி. அவரைப் புகழும்போது விசுவாசம் என்கிறார்கள். இருக்கட்டும், பெரிய மனிதர்தான், ஆனால் ஒரே ஊரில் இருப்பதும் 13 ஊர் சுற்றுவதும் வீரன் கையில் மட்டும் இருக்கிற விஷயமா? மயாமி ஹாஸ்லமை விற்கவில்லை, அவ்வளவுதான். ஸ்மித்தை எல்லோரும் விற்றார்கள், எல்லோரும் வாங்கினார்கள்.

சாம்பியன் மோதிரம் வாங்கிய பிறகு 2023-24-ல் மறுபடி சார்லட்டுக்கு வந்து ஒரு சீசன் ஆடினார். இப்போது அந்த 13-ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர் டென்னிஸ் ஷ்ரோடர், 2025-ல் பத்தாவது அணியைத் தொட்டவர், 2023 உலகக்கோப்பையை ஜெர்மனிக்கு வாங்கிக் கொடுத்து எம்விபி (தொடரின் சிறந்த வீரர்) ஆனவர். அவர் தாண்டினால் இந்தச் சாதனையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் குறைவார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் தாண்டக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை.