அந்த மூன்று நிமிடம்: கண் தியேட்டர் குறிப்புகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்றைக்குச் சத்திரசிகிச்சை லிஸ்ட் முழுக்க காட்ராக்ட், அதாவது கண்புரை. ஒரு கேஸ் முடிந்து அடுத்தவரைப் படுக்க வைத்தவுடனே "மிஸ், ரெடியா, ரெடியா" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் ரெடி என்று சொல்வது சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான். கிருமியைக் கொல்லும் மண்ணிற மருந்தான பொவிடோன் அயடீனை, ஐந்து வீதத்தில், கண்ணுக்குள் விட்டால் குறைந்தது மூன்று நிமிடம் அது அங்கே நிற்க வேண்டும். கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்குப் பத்து வீதம், அதுவும் தானாகக் காய வேண்டும், ஈரத்தின் மேல் ஒட்டினால் கண்ணைச் சுற்றி மூடும் ட்ரேப் விரிப்பு கழன்று வந்துவிடும். கண்ணுக்குள் தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமை ஓரத்திலும் இமைமயிரிலும் இருப்பதுதான், தோலில் சும்மா கிடக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் கண்ணுக்குள்ளே போனால் பார்வையையே பறித்துவிடலாம். 1991இல் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஐந்து வீத பொவிடோன் அயடீன் விட்ட தியேட்டர்களில் இந்தத் தொற்று 0.06 வீதம், பழைய வெள்ளி-புரத மருந்து விட்டவற்றில் 0.24 வீதம். இதைத் தெரிந்துகொண்டு என்னால் அவசரப்பட முடியாது.

மார்ச் 6, வியாழன்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கண்ணில் மை, தலையில் எண்ணெய். "பிள்ளை, சாமி கும்பிட்டிட்டு வந்தனான், இதை அழிக்க வேணுமோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா, மருந்து தோலில படவேணும், வீட்டுக்குப் போய்த் திரும்பப் பூசுங்கோ" என்றேன். சரி என்று அவரே துடைத்துவிட்டார். மை மட்டும் இமைமயிர் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் துடைக்க நேரம் எடுத்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் வீட்டிலேயே முகம் கழுவி, தலை முழுகி வந்திருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

புதிதாக வந்த தாதித் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மரக்கும் சொட்டு மருந்து, இல்லாவிட்டால் அயடீன் எரியும். பிறகு இமை ஓரத்தில் தொடங்கி வெளியே வெளியே வட்டமாகப் போக வேண்டும், மேலே புருவத்தைத் தாண்டி, உள்பக்கம் மூக்கின் நடு வரைக்கும், கீழே கன்னத்துக்கும். வெளியே போன பஞ்சு திரும்பக் கண் பக்கம் வரக்கூடாது, வீடு கூட்டும்போது வாசலுக்குத் தள்ளிய குப்பையை உள்ளே இழுக்காத மாதிரி. இமைமயிரை வெட்டச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், வெட்டுவதால் தொற்று குறைவதாகத் தெரியவில்லை, ட்ரேப்பால் மடித்து ஒதுக்கினால் போதும்.

அதைவிட முக்கியமானது போத்தல். கை கழுவும் ஸ்க்ரப்பும் அதே மண்ணிறம்தான், ஆனால் அதில் சவர்க்காரம் மாதிரிச் சேர்மானம் இருக்கிறது, கருவிழியில் பட்டால் புண்ணாக்கும். அல்கஹோல் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியும் அப்படித்தான், கருவிழியைக் கெடுக்கும், இரத்தத்தை நிறுத்தச் சூட்டால் சுடும் கோட்டரி பாவிக்கும்போது தீப்பிடிக்கவும் கூடும். இரண்டையும் கண் ட்ரொலியின் பக்கமே வைக்க வேண்டாம் என்று அலுமாரியின் மற்றத் தட்டுக்கு மாற்றிவிட்டேன். இன்னொன்று, மரக்கும் ஜெல்லை அயடீனுக்கு முன்பு பூசினால் அது படலமாக மூடி மருந்தைக் கிருமியிடம் போகவிடாது. அயடீன் முதலில், ஜெல் பிறகு. தங்கச்சி இதைக் கொப்பியில் எழுதிக் கோடும் போட்டாள், எனக்குச் சந்தோசம்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று போயா விடுமுறை, அதனால் இன்றைக்கு நெருக்கம். வெள்ளவத்தை ஐயா ஒருவர் "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அயடீன் போடாதீங்கோ" என்று பிடிவாதம். டொக்டரே வந்து பக்கத்தில் இருந்து விளக்கினார்: இறால் ஒவ்வாமை இறாலில் உள்ள புரதத்தால் வருவது, அயடீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்பு பொவிடோன் பூசித் தோல் தடித்து வீங்கியதுண்டா என்று கேட்டார், இல்லை என்றார் ஐயா. அப்படி உண்மையாகவே இருப்பவருக்கு அல்கஹோல் இல்லாத, நீரில் கரைத்த மென்மையான குளோர்ஹெக்சிடின் என்று வேறு வழி இருக்கிறது. ஐயா சம்மதித்தார், மூன்று நிமிடமும் அசையாமல் கிடந்தார், பிறகு சேலைனால் கண்ணைக் கழுவினோம்.

பின்னேரம் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் எழுதினேன். முதல் நாள் தலை முழுகுங்கள், வரும் காலையில் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மை, பவுடர், கிறீம், எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம், இமை ஓரம் சிவந்தோ பொருக்காகவோ இருந்தால் சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்பே சொல்லுங்கள். திங்கட்கிழமை கிளினிக் மிஸ்ஸிடம் கொடுத்து, திகதி எழுதும் அட்டையோடு சேர்த்துக் குத்தச் சொல்ல வேண்டும்.