இடது பக்கம், வலது பக்கம்

"அப்ப உனக்கு என்னதான்ப்பா வேணும்?" என்று மேனேஜர் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. "தெரியலை சார். ஆனா இது இல்லை" என்றேன். மேலூர் கிளைக்கு என்னை மேனேஜராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் எட்டாயிரம் கூடும். அதை வேண்டாம் என்றதோடு அடகுக் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டேன்.

அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. ஒரு மாதம் தினமும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை இடது பக்கம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை வலது பக்கம். இடது பக்கம் முழுக்க நகைதான். உரைகல்லில் இழுத்து, ஆசிட் விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பது; அட்டிகையில் கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழிப்பது என்று மல்லுக்கட்டுவது. வலது பக்கம் முழுக்க போன். கெடு தாண்டியவர்களைக் கூப்பிட்டு, "ஏலத்துக்குப் போயிரும், வந்து பாருங்க" என்று சொல்கிற வேலை. ஏலத்துக்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நோட்டீஸைப் படித்துவிட்டு யார் வருகிறார்கள்? போனுக்குத்தான் வருவார்கள். மேனேஜர் ஆகிவிட்டால் பொழுதுக்கும் அதுதான்.

போதாததற்கு, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் முறையில் அமைந்த ஒரு கேள்வித்தாளையும் நிரப்பினேன். வேலை விருப்பத்தை வைத்து மனிதர்களை ஆறு வகையாகப் பிரிக்கலாம் என்று 1959-லேயே எழுதியவர் அவர். எனக்கு வந்தது, ஆட்களைவிடப் பொருட்களோடு புழங்க விரும்புகிற வகை. அதைப் பார்த்ததும் ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே! ஏற்கெனவே எடுத்திருந்த முடிவுக்கு ரசீது கிடைத்த மாதிரி.

இப்போது மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு ஹால்மார்க் மையத்தில் இருக்கிறேன். பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தட்டு தட்டாக மோதிரம் வரும். மெஷினில் வைத்தால் தங்கம் 91.6 சதவீதம் வரும், அல்லது வராது. தேறினால் 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் லேசரில் பதியும். யாரிடமும் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். பிடித்துத்தான் இருக்கிறது.

ஆனால் மேனேஜர் அன்று இன்னொன்றும் சொன்னார்: "நீ போனா உன் சீட்டுல வேற ஒருத்தன் வருவான். அவனும் போன் பண்ணத்தான் போறான். எப்படிப் பண்ணுவான்னு யோசிச்சியா?" ஆள் குறைந்தால் அவர் டார்கெட் உதைக்கும், அதனால் கொக்கி போடுகிறார் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். என் பக்கமும் ஒன்று உண்டு. எனக்கு அந்த டார்கெட்டே பயம். அதை நோட்டில் எந்தப் பக்கமும் எழுதவில்லை.

போன மாதம் வேறு எதையோ தேடும்போது நோட்டு கையில் சிக்கியது. வலது பக்கத்தில் ஒரு வரி: 'வாடிப்பட்டி ஆத்தா, தோடு, ரெண்டு மணி நேரம்.' ஏலத்துக்கு முந்தின நாள் வந்த கிழவி அது. வட்டியைக் கட்டினால் திருப்பி வைத்துவிடலாம். சுருக்குப் பையில் இருந்ததை எண்ணினால் அறுநூற்றுச் சொச்சம் குறைந்தது. திருப்பூரிலிருக்கும் மகன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் வைத்திருந்தது. அதில் கடைசி எண் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்து, அவன் ஷிப்ட் முடிந்து எடுத்து, கூகுள் பேயில் பணம் அனுப்பி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. ஆத்தா நன்றியெல்லாம் சொல்லவில்லை. "ஆரப்பாளையத்துக்கு எந்த பஸ்ஸுய்யா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனது. எனக்குச் சோறு போச்சு. அந்தக் கடுப்பில் வலது பக்கம் எழுதியிருக்கிறேன்.

அந்த மாதம் இடது பக்கத்தில் எழுதிய நகைகளில் ஒன்றுகூட நினைவில்லை. அந்தத் தோடு நினைவில் இருக்கிறது. சிவப்புக்கல், ஒரு திருகாணியில் நூல் சுற்றியிருந்தது.

போன் பண்ணி ஆளை மிரட்டுகிற வேலை எனக்கு ஒத்துவராது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஆத்தா அன்றைக்கு வந்ததும் நான் பண்ணிய போனுக்குத்தான்.