அரச கண்ணாடித் தொழிற்சாலையின் தேய்ப்பும் மெருகும்: 15 செ.மீ. தகட்டில் செய்து பார்த்தது

1665 அக்டோபரில் பதினான்காம் லூயி, நிக்கொலா துனுவாயே என்பவரின் குழுவுக்குக் கண்ணாடி செய்யும் தனியுரிமையைக் கொடுத்தார். ஆடிக்கண்ணாடிக்காக வெனிசுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் பிரான்சிலேயே தங்க வேண்டும் என்பது அமைச்சர் கொல்பேரின் கணக்கு. முரானோ தீவுக் கைவினைஞர்களை ரகசியமாக வரவழைத்ததும் வெனிஸ் அவர்களை மிரட்டியதும் எல்லோரும் சொல்லும் கதை. அதைவிட முக்கியமாக எங்களுக்குப் படுவது, உலையிலிருந்து வந்த கரடான தகடு முகம் காட்டும் கண்ணாடியாக மாறிய விதம். வீட்டில் கண்ணாடியை உருக்கி வார்க்க முடியாது. தேய்ப்பு, மெருகு, பூச்சு மூன்றையும் செய்து பார்க்கலாம்.

ஆரம்ப காலத்தில் ஊதும் முறைதான். உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவார்கள். ஊதுபவரின் மூச்சும் கையும் தாங்கும் அளவுக்கு மேல் தகடு பெரிதாகாது. 1684-இல் முடிந்த வெர்சாய் கண்ணாடிக் கூடத்தில் 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் இருப்பதற்கு இதுவே காரணம்: வளைவுக்கு 21 துண்டுகள். ஓர்லியானைச் சேர்ந்த பெர்னார் பெரோ, உருகிய கண்ணாடியை உலோக மேசையில் ஊற்றி உருளையால் பரப்பும் முறையைக் கொண்டுவந்தார். 1688-இல் தெவார் என்பவரின் குழு பெரிய வார்ப்புத் தகடுகளுக்கான உரிமையைப் பெற்றது. சில ஆண்டுகளில் அந்த வேலை பிக்கார்டியின் சான் கோபேன் கிராமத்துக்குப் போனது. இன்று ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்யும் நிறுவனத்தின் பெயர் அந்த ஊரின் பெயர்தான்.

வார்த்த தகடு அளவில் பெரிது, ஆனால் மேசையும் உருளையும் பட்ட இரண்டு முகங்களும் மங்கலாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். இரண்டையும் தேய்த்தாக வேண்டும். பாரிஸில் ரூய் து ரெய்யீ தெருப் பட்டறையில் நடந்த பெரும்பாடு அதுதான். ஒரு தகட்டைக் கல் மேசையில் பாரிஸ் சாந்தால் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பதித்து, அதைவிடச் சிறிய தகட்டின் மேல் பாரம் ஏற்றி, இடையில் மணலும் நீரும் விட்டுத் தேய்ப்பார்கள். பிறகு எமரி என்ற கடினமான கனிமத் தூள், கடைசியில் கம்பளி நமுதாவும் (அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி) சிவந்த இரும்பு ஆக்சைடுத் தூளும்.

எங்கள் தகடு கடையில் கிடைக்கும் 6 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி (சாதாரண ஜன்னல் கண்ணாடி). அதன் முகங்கள் முன்பே தட்டை, பளபளப்பு. அதனால் ஒரு முகத்தை மட்டும் கரடாக்கி மீண்டும் தெளிய வைப்பதே பயிற்சி. முதலில் நான்கு விளிம்புகளையும் எண்ணெய்க்கல்லில் ஈரமாகத் தேய்த்து, 2 மி.மீ. அகலத்துக்குச் சாய்வு கொடுக்க வேண்டும். கூரான விளிம்பிலிருந்து உதிரும் சில்லு இடையில் சிக்கினால் முகம் முழுக்கக் கோடு விழும்.

இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் மேல் தகடு குழியும், கீழ்த் தகடு மேடாகும். மேல் தகடு வெளியே நீளும்போது பாரம் கீழ்த் தகட்டின் விளிம்பில் அதிகம் விழுவதால் வரும் விளைவு இது. மூன்று தகடுகள் எடுத்து அ-ஆ, ஆ-இ, இ-அ என்று ஜோடி மாற்றி, மேலும் கீழும் மாற்றித் தேய்த்தால் மூன்றும் தட்டையாகும். இரண்டிரண்டாகப் பொருந்தி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டுவது தட்டையான முகங்களுக்கு மட்டுமே சாத்தியம்.

தேய்ப்புத் தூளான கார்போரண்டம் 120-இல் தொடங்கி 220, 400, 600; எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும். பிறகு 9 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு. ஒரு தடவைக்கு அரைத் தேக்கரண்டித் தூள், ஒரு தேக்கரண்டி நீர். கரகர ஒலி அடங்கினால் தூள் நொறுங்கிவிட்டது என்று பொருள்; துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அடுத்த தூளுக்குப் போகுமுன் 10 மடங்கு உருப்பெருக்கியில் மூலைகளைப் பார்க்கவும். நடுவில் முந்தைய தூளின் குழிகள் மறைந்த பிறகும் மூலையில் மிஞ்சியிருக்கும். வாளி, துணி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. 120-இன் ஒரே ஒரு துகள் 600-இல் நுழைந்தால் அந்தக் கட்டத்து உழைப்பு வீண். நுண்தூளில் நீர் குறைந்தால் தகடுகள் பிடித்துக்கொள்ளும். நெம்பினால் உடையும், சோப்புநீரில் ஊறவிட்டு நகர்த்தினால் பிரியும்.

மெருகுக்கு மரக்கட்டையில் ஒட்டிய நமுதாவும் சீரியம் ஆக்சைடு குழம்பும். நமுதா மெத்தென்று இருப்பதால் குழிக்குள்ளும் இறங்கி, சாய்ந்து பார்த்தால் தெரியும் நெளிவை விட்டுவிடும். டியூப் லைட்டின் பிம்பத்தைத் தகட்டில் சாய்வாகப் பார்த்தால் கோடு நெளிவது தெரியும். நெளிவு வேண்டாம் என்றால் தாரால் செய்த மெருகுப் பட்டைதான் வழி. நீண்ட நேரம் மெருகிட்டும் மூலையில் சாம்பல் நிறம் போகவில்லையா, 5 மைக்ரானுக்குத் திரும்புவதே குறுக்குவழி.

பூச்சில் பழைய முறையைத் தொடவில்லை. வெள்ளீயத் தகட்டைக் கல் மேசையில் விரித்து, பாதரசத்தைப் பரப்பி, கண்ணாடியை ஓரத்திலிருந்து தள்ளி ஏற்றி, பாரம் வைத்து, மேசையைச் சாய்த்து மிஞ்சிய பாதரசத்தை நாள்கணக்கில் வடியவிடுவார்கள். அதன் ஆவி தொழிலாளர்களின் நரம்பைக் கெடுத்தது. வீட்டில் அதற்கு இடமே இல்லை. 1835-இல் லீபிக் கண்ட வெள்ளிப் பூச்சை எடுத்துக்கொண்டோம்.

225 சதுர செ.மீ. முகத்துக்குச் சில்வர் நைட்ரேட் 2 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 1 கிராம், மொத்தம் சுமார் 200 மி.லி. காய்ச்சி வடித்த நீர். குழாய்நீரின் குளோரைடு வெள்ளியைப் பாலாகத் திரித்துவிடும். சில்வர் நைட்ரேட் கரைசலில் கொஞ்சம் தனியே எடுத்து வைத்து, மீதியில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பு வண்டல் வந்து கரையும். ஹைட்ராக்சைடு சேர்த்ததும் மறுபடி கறுக்கும், மீண்டும் அம்மோனியா. தெளிந்ததும் தனியே வைத்ததை லேசான வைக்கோல் நிறம் நிலைக்கும்வரை விடவும். அம்மோனியா மிகுந்தால் பூச்சு மெல்லியதாகி, ஒளி ஊடுருவும்.

தகட்டைச் சோப்பு, சுண்ணத்தூள், நீர்த்த நைட்ரிக் அமிலம் என்று வரிசையாகத் துடைத்து, ஸ்டானஸ் குளோரைடு கரைசலில் ஒரு நிமிடம் நனைத்து, நன்றாகக் கழுவி, உலரவிடாமல் தட்டில் முகம் கீழாக 4 மி.மீ. தாங்கிகளின் மேல் வைக்கவும். டெக்ஸ்ட்ரோஸ் கரைசலைக் கலந்த உடனே ஊற்றிவிட வேண்டும். சென்னை வெயிலில் 32 டிகிரியில் ஊற்றினால் வெள்ளி அவசரமாக விழுந்து பஞ்சுபோல உதிரும். வெளியே ஐஸ் வைத்து 20 டிகிரிக்கு இறக்கிய பிறகே தொடங்கவும். 0.1 மைக்ரான் தடிமனுள்ள பூச்சுக்கு வேண்டியது சுமார் 24 மில்லிகிராம் வெள்ளி. 2 கிராம் சில்வர் நைட்ரேட்டில் இருப்பது 1.27 கிராம். மிச்சமெல்லாம் கருவண்டல்.

அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்கக் கூடாது. காய்ந்தாலோ நின்றாலோ வெடிக்கும் பொருள் உருவாகும். வேலை முடிந்ததும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வெள்ளியைக் குளோரைடாக வீழ்த்திவிடவும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் தொடக்கம் முதல் முடிவுவரை.

பூச்சு உலர்ந்ததும் அரக்கு வார்னிஷ், அதன் மேல் கறுப்பு எனாமல். விளிம்பில் இரண்டு முறை பூச வேண்டும்; கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்தது 30 x 30. ரசாயனம் நான்கு மடங்கு. இனி பெரிய தகட்டைப் பாரிஸ் சாந்தில் பதித்து, 15 செ.மீ. தகட்டை மேலே ஓட்ட வேண்டும். சாந்து நன்றாக உலர்ந்த பிறகு வார்னிஷ் பூசாவிட்டால் அதன் துளைகளில் 120 தூள் ஒளிந்துகொண்டு 600-இல் வெளியே வரும். முதலில் அந்தப் படுகையைத்தான் தயார் செய்கிறோம்.