பத்துக்கு எத்தனை?

வலி பற்றிய ஆராய்ச்சிக்கு நோயில்லாதவர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்குப் பகல் பொழுது நீளமானது. வலியைத் தாங்குவதுதான் சிரமமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அதற்கு மதிப்பெண் போடுவது அதைவிடச் சிரமமாக இருந்தது.

ஒப்புதல் படிவமே ஒரு காலைப் பொழுதைத் தின்றது. 12 பக்கமும் ஆங்கிலம். சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க, தமிழ் தெரிந்த ஆய்வு உதவியாளர் ஒவ்வொரு பத்தியாக விளக்கினார். எந்த நிமிடத்திலும் எழுந்து போய்விடலாம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னேன். "பயப்படாதீர்கள் அங்கிள்" என்று சிரித்தார் அந்தத் தம்பி.

முதலில் முன்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் உலோகத் தகடு. சூடு மெல்ல ஏறும். கதகதப்பு வலியாக மாறும்போது பொத்தானை அழுத்த வேண்டும். நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பி, அதாவது சூட்டை உணரும் புரதம், ஏறத்தாழ 43 டிகிரியில் திறந்துகொள்கிறதாம். மிளகாயின் காரமான கேப்சைசின் திறப்பதும் அதே ஏற்பியைத்தான். 1997இல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெருப்பு பட்டாலும் மிளகாயைக் கடித்தாலும் 'எரிகிறது' என்கிறோமே, உவமை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். உடம்புக்கு அது உவமையே இல்லை. பறவைகளின் ஏற்பியைக் கேப்சைசின் தொடுவதில்லை என்றும் அந்தத் தம்பி சொன்னார். சிறுவயதில் வீட்டுக் கிளி பழுத்த மிளகாயை ரசித்துத் தின்றது நினைவுக்கு வந்தது.

அடுத்து இரண்டு கைகளிலும் களிம்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி: பத்துக்கு எத்தனை? வலது கை காந்தியது, சுரீரென்றது, பிறகு விண்விண் என்று தெறித்தது. இத்தனைக்கும் சேர்த்து ஓர் எண் வேண்டுமாம். சிறுநீரகக் கல் வந்த இரவுக்கு 10 என்றால் இதற்கு 6 கொடுக்கலாம். மகன் வயதுப் பையன் முன்னால் வாய் 4 என்றது. களிம்பு படாத சுற்றுப்புறத்தைப் பஞ்சால் வருடினாலும் வலித்தது. அது தோலின் வேலை அல்ல, தண்டுவடம் உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டுவதன் விளைவு என்றார்.

இடது கைக்கு 2 கொடுத்திருந்தேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, அதில் பூசியது கேப்சைசின் கலக்காத வெறும் களிம்பு! எனக்கு வெட்கமாகிவிட்டது. எதிர்பார்ப்பும் மூளையில் வேலை செய்யும் என்று தேற்றினார். பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 1978இல் வெளியானது. போலி மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு, உடம்பே சுரக்கும் அபின் போன்ற வலி நீக்கிகளின் ஏற்பிகளை அடைக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி கூடிவிட்டது. மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாத சங்கதி.

வெந்நீர் வேண்டாம் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். இரவில் பழக்க தோஷத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டேன். வலது கையில் தண்ணீர் பட்டதும் "எட்டு!" என்று கத்தினேன். என்ன எட்டு என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டார். மறுவாரம் அந்த எண்ணையும் தம்பியிடம் சொன்னேன், ஓரத்தில் குறித்துக்கொண்டார்.