ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ப்ளகின் வெளியிடறவங்களுக்கு

ஆப்கான்ஃபிக்ல (ப்ளகினோட அமைப்பு கிளாஸ்) டிஃபால்ட்_ஆட்டோ_ஃபீல்டு மதிப்பைக் கட்டாயம் கொடுங்க. டேபிள்ல தானா வர்ற ஐடி எந்த வகைன்னு சொல்றது இதுதான். 3.2 பதிப்புல வந்த வசதி. பழைய மைக்ரேஷன்ல (டேட்டாபேஸ் மாற்றத்தை எழுதி வைக்கற ஃபைல்) ஆட்டோஃபீல்டுங்கற ஐடி வகை இருந்தா அதையே எழுதுங்க.

விட்டுட்டா, ப்ராஜெக்ட்ல பிக்ஆட்டோஃபீல்டு (இன்னும் பெரிய ஐடி வகை) வெச்சிருக்கறவர் மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்டை ஓட்டினதும், உங்க ப்ளகினுக்கு ஒரு புது மைக்ரேஷன் உருவாகி சைட்-பேக்கேஜஸுக்குள்ள (பிப் பேக்கேஜ்களைப் போடற ஃபோல்டர்) போய் உக்காந்துக்கும். அந்த ஃபைல் அவரோட கிட்ல சேராது, சர்வருக்கும் போகாது. பிப் அப்கிரேடு பண்ணாலும் அழியாது. அடுத்த மைக்ரேஷனை நீங்க வெளியிட்டதும் ரெண்டும் மோதி, மைக்ரேஷனை டேட்டாபேஸ்ல ஏத்தற மைக்ரேட் கமாண்ட் நின்னுடும். பாவம், எங்க தப்புன்னே அவருக்குப் புரியாது.

டெஸ்ட் செட்டிங்ஸ்ல வேணும்னே வேற ஐடி ஃபீல்டை வெச்சு, சிஐ-ல (கோடை தானா சோதிக்கற அமைப்பு) மேக்மைக்ரேஷன்ஸ் --செக் --ட்ரை-ரன் ஓட்டுங்க. வெளியீட்டுக்கு முன்னாடியே மாட்டிக்கும்.

யூசர் மாடலுக்கு ஃபாரின்கீ (இன்னொரு டேபிளுக்கான இணைப்பு) வைக்கணும்னா செட்டிங்ஸ்.ஆத்_யூசர்_மாடல் மட்டும்தான். ஜாங்கோவோட யூசர் கிளாஸை நேரா இம்போர்ட் பண்ணா, சொந்த யூசர் மாடல் வெச்சிருக்கறவங்களால உங்க ப்ளகினைத் தொடவே முடியாது.